கன்னி வைத்த கைநாட்டு

நல்லமுத்து முப்பத்து மூன்று ஆண்டுகள் கிராம நிர்வாக அலுவலராக இருந்து, எந்தக் கிராமத்தையும் பெரிதாக நிர்வகித்துவிடாமல் ஓய்வு பெற்றவர். 'ஸ்தல விசாரணை செய்த வகையில்' என்று தொடங்கி அவர் எழுதிய அறிக்கைகளை அடுக்கினால் ஆள் உயரத்துக்கு வரும். அதில் முக்கால்வாசி ஸ்தலங்களை அவர் நாற்காலியை விட்டு எழாமலே விசாரித்திருந்தார். ஒரு குடும்பத்தில் யார் செத்தார்கள், யார் இருக்கிறார்கள், யார் யாருக்கு வாரிசு என்பதையெல்லாம் மனுக் கொண்டுவந்தவன் முகத்தைப் பார்த்தே எழுதிவிடும் திறமை அவருக்கு இருந்தது. இப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை உண்மையாகவே ஸ்தல விசாரணை செய்தார். அதுவும் ஓய்வுக்குப் பிறகு, சம்பளம் இல்லாமல், சொந்தக் குடும்பத்தில்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் ரோட்டில், நிறுத்தலாமா வேண்டாமா என்று டிரைவர் யோசித்து முடிப்பதற்குள் பஸ் கடந்துவிடுகிற ஊர் ஓடைக்கரைப்பட்டி. நல்லமுத்துவின் பங்காளிகள் அங்கே நாற்பத்திரண்டு தலைக்கட்டு. வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாதவர்களைக் கழித்துவிட்டால் மீதி ஒன்பது. ஆனால் காத்தம்மாள் கன்னி என்றால் மட்டும் நாற்பத்திரண்டும் ஒன்று.

காத்தம்மாள், நல்லமுத்துவின் தாத்தா பேச்சிமுத்துவுக்குக் கூடப் பிறந்த தங்கை. 1941 சித்திரையில், பதினாறு வயதில், தாய்மாமன் மகனுக்கு நிச்சயம் செய்திருந்த சமயத்தில், வெளியூர்க்காரன் எவனோ அவளைக் கண்ணெடுத்துப் பார்த்துவிட்டானாம். அந்நியன் பார்வை பட்ட உடம்பு இந்த வீட்டு மானத்துக்கு ஆகாது என்று செவக்காட்டுக் கிணற்றில் குதித்துவிட்டாளாம். மூன்று நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை. கிணற்று மேட்டில் ஒரு ஜோடிக் கொலுசு மட்டும் கிடந்தது. உடல் கிடைக்காவிட்டால் மற்ற வீடுகளில் போலீசுக்குப் போவார்கள். இந்த வீட்டில் ஜோதியில் கலந்துவிட்டாள் என்று சொல்லிக் கும்பிட ஆரம்பித்தார்கள்.

கன்னியாகச் செத்த பெண்ணுக்கு என்ன செய்யவேண்டுமோ அதையெல்லாம் குறையில்லாமல் செய்தார்கள். கோயிலுக்குள் ஓர் ஓலைப்பெட்டி. அதில் ஒரு புதுப் பாவாடை, சட்டை, வளையல், ரிப்பன். ஒவ்வொரு பங்குனிப் பொங்கலுக்கும் பழைய பாவாடையை எடுத்து வம்சத்துச் சிறுமி ஒருத்திக்குக் கட்டிவிட்டு, பெட்டியில் புதியதை வைப்பார்கள். எண்பத்து மூன்று வருடங்களாகக் காத்தம்மாளுக்குப் பதினாறு வயதுதான். பாவாடை அளவு மாறவே இல்லை.

கன்னி பேசவும் செய்வாள். அதற்கு வாய் கொடுத்தவள் நல்லமுத்துவின் அக்காள் பெத்தம்மாள். வயது அறுபத்தெட்டு. மற்ற நாட்களில் மூட்டு வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, மருமகளைப் பற்றி அளவாகக் குறை சொல்லிக்கொண்டு இருப்பாள். உறுமி கொட்டத் தொடங்கினால் மூட்டு வலி எங்கே போகும் என்று தெரியாது. முப்பது வருடமாக ஊரில் யார் வீட்டு மாடு தொலைந்தாலும், யார் வீட்டில் கல்யாணம் தள்ளிப்போனாலும் கன்னி அவள் வாயால்தான் தீர்ப்புச் சொன்னாள். எட்டு வருடத்துக்கு முன்பு நல்லமுத்துவின் வீட்டுக்கும் ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

நல்லமுத்துவின் மகள் தேவிபிரியா அருப்புக்கோட்டையில் காலேஜுக்குப் போனவள். அங்கே தீபன் என்கிற பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். வீட்டுக்குள் கன்னடமும் வெளியே தமிழும் பேசுகிற நெசவுக் குடும்பம். வீட்டின் முன்பக்கம் சேலைக்கடை, பின்பக்கம் தறி. பையனைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியவில்லை என்பதே நல்லமுத்துவுக்குப் பெரிய குறையாக இருந்தது. அந்தப் பங்குனியில் பெத்தம்மாள் மேல் இறங்கிய கன்னி, "மானங்காத்த வீட்டுல பெறந்துட்டு ஓடிப்போனவ என் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாதுடா" என்று கத்தினாள். நல்லமுத்து மறுநாளே தாலுகா ஆபீசுக்குப் போய் ரேஷன் கார்டிலிருந்து மகள் பெயரை எடுத்தார். அவர் சர்வீஸில் ஒரே நாளில் முடிந்த வேலை அது ஒன்றுதான்.

இந்த வருடம் கன்னிக்குக் கல் கோயில் எழும்பி, ஆவணியில் கும்பாபிஷேகம் என்று முடிவானது. பங்காளிக் கூட்டத்தில் ஒருவன், போட்டோவெல்லாம் போட்டு ஒரு வம்ச வரலாற்றுப் புத்தகம் கொண்டுவந்தால் நல்லா இருக்கும் என்றான். அடுத்த ஊர்க்காரர்கள் போட்டிருக்கிறார்களாம். எல்லோரும் நல்லமுத்துவைப் பார்த்தார்கள். நல்லமுத்து வேண்டாம் என்று சொல்வதுபோல் இரண்டு தடவை சொல்லிவிட்டு ஒத்துக்கொண்டார்.

கொடிவழி எழுதுவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மேலே ஓர் ஆண் பெயர், அதிலிருந்து கோடுகள், கோட்டின் நுனியில் ஆண் பெயர்கள். பெண்களுக்குக் கோடு இழுத்தால் தாளில் இடம் பற்றாது. தன் பெயரின் கீழே 'ஒரே குமாரர் மாரிசெல்வம், கோவை' என்று எழுதி, ஒருமுறை வாசித்துப் பார்த்தார். ஒரே என்கிற சொல் கொஞ்சம் உறுத்தியது. அடிக்காமல் விட்டுவிட்டார்.

கன்னிக்கு ஏழாம் பக்கத்தை ஒதுக்கியிருந்தார். சும்மா கதையாக எழுதினால் படித்த பிள்ளைகள் சிரிப்பார்கள், அந்தக் காலத்து அரசாங்கக் காகிதம் ஒன்றை அருகில் போட்டால் கெத்தாக இருக்கும் என்று நினைத்தார். அவர் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி உண்டு. ஊர்க் கணக்கு எழுதிய பழைய கர்ணங்களின் கட்டுகளை ஆபீசில் எடைக்குப் போட்டபோது அவர் அமுக்கிக்கொண்டு வந்தவை. சர்வீஸில் அவர் எடுத்து வந்ததில் அரசாங்கத்துக்கு நஷ்டமில்லாதது இது ஒன்றுதான். மனைவி ரேணுகாதேவி ஏணியைப் பிடித்துக்கொள்ள, பெட்டி கீழே இறங்கியது.

மூன்றாம் நாள் அந்தக் காகிதம் கிடைத்தது. கன்னியின் தகப்பனார் சங்கிலிமுத்து, 1941 சித்திரையில், கைநாட்டு வைத்துக் கொடுத்த மனு. 'எனது செவக்காட்டுக் கிணற்றில் இரண்டு வருஷமாய்ச் சொட்டு ஜலமில்லாதபடியாலும், மல்லாங்கிணறு ஆட்களை வைத்துக் கிணற்றை ஆழப்படுத்திவருகிறபடியாலும், ஏழைமேல் கிருபை கூர்ந்து இந்தப் பசலி வருஷத்து நிலத்தீர்வையைத் தள்ளுபடி செய்து உத்தரவாகவேண்டியது.' அடியில் கர்ணத்தின் குறிப்பு: 'ஸ்தலத்தில் பார்த்ததில் கிணறு வறண்டிருப்பது உண்மை.'

நல்லமுத்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். சொட்டு ஜலம் இல்லாத கிணறு. அதில் குதித்தால் கால் உடையும். ஜோதியில் கலக்க முடியாது. உடல் கிடைக்காமல் போக அந்தக் கிணற்றில் இடமே இல்லை. பத்து ஆள் இறங்கி வெட்டிக்கொண்டிருக்கிற கிணற்றில் ஒரு பெண் விழுந்தால் யார் தலையிலாவது விழுந்திருப்பாள்.

கர்ணம் கிணற்றைப் பார்க்காமலே 'ஸ்தலத்தில் பார்த்ததில்' என்று எழுதியிருக்கலாம் என்று ஒரு நிம்மதி வந்தது. அவனும் நம்மைப்போல ஆளாகத்தானே இருந்திருப்பான். அந்த நிம்மதியோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் காகிதம் என்றால் அடுத்த காகிதத்தைத் தேடுகிற கை அவருடையது. கோயில் நிலம் வம்சத்துக்குப் பாத்தியப்பட்டது என்பதற்கும் புத்தகத்தில் ஒரு நகல் போடுவோம் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டு பத்திர ஆபீசுக்குப் போனார்.

அங்கே பத்திரம் எழுதுகிற பொன்ராஜ் பழைய சிநேகம். மனுப் போட்டு, பத்து நாள் கழித்து நகல் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பொன்ராஜ் ஒரு தினுசாகப் பார்த்தான்.

"அண்ணாச்சி, உங்க கன்னி பேரு காத்தம்மாள்தான?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. அம்மன் ஐம்பத்தெட்டுல நம்ம ஆபீசுக்கு வந்து கைநாட்டு வச்சிட்டுப் போயிருக்கு."

அது விடுதலைப் பத்திரம். 1958 தை மாதம் பதிவானது. 'ஓடைக்கரைப்பட்டி காலஞ்சென்ற சங்கிலிமுத்து குமாரத்தியும், மல்லாங்கிணறு அய்யாவு சம்சாரமுமாகிய காத்தம்மாள், வயது 33, என் சகோதரர் பேச்சிமுத்துவுக்கு எழுதிக்கொடுத்தது. நம் தகப்பனார் சொத்தில் எனக்குண்டான பாகத்தை, பிறந்த வீட்டுச் சீராக ஒரு சேலை பெற்றுக்கொண்டு, மனப்பூர்வமாய் விடுதலை செய்துகொடுக்கிறேன். இனி எனக்கும் மேற்படி சொத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.' கீழே இடது பெருவிரல் ரேகை. நகலில் ரேகை வராது என்பதால் அந்த இடத்தில் 'ரேகை' என்று எழுத்தால் எழுதியிருந்தார்கள்.

பெண்பிள்ளைக்கும் தகப்பன் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்த புதிது அது. தகப்பன் சங்கிலிமுத்து கண்ணை மூடியதும் தாத்தா பேச்சிமுத்துவுக்கு நிலத்தைப் பற்றிக் கவலை வந்திருக்கிறது. ஜோதியில் கலந்த தங்கையை மல்லாங்கிணற்றில் போய்ச் சரியாகக் கண்டுபிடித்து, ஒரு சேலையைக் கொடுத்து, கைநாட்டு வாங்கிவிட்டார். பழைய கோயிலின் நிலைக்கல்லில் வெட்டியிருந்த எழுத்து நல்லமுத்துவுக்கு மனப்பாடம்: 'காத்தம்மாள் கன்னி, உபயம் பேச்சிமுத்து, 1958 பங்குனி.' தையில் தங்கையிடம் கைநாட்டு வாங்கிய கை, பங்குனியில் அவளுக்குக் கோயில் கட்டியிருக்கிறது. உயிரோடு இருக்கிறவள் நாளைக்கு வந்து எதுவும் கேட்டுவிடக் கூடாது என்றால் அவளைச் சாமியாக்கிவிடுவதுபோல் பாதுகாப்பு வேறு இல்லை.

நல்லமுத்துவுக்கு முதலில் வந்தது கோபம். தாத்தா மேல் வந்ததா, காத்தம்மாள் மேல் வந்ததா, தன் மேல் வந்ததா என்று தெரியவில்லை. பத்திர ஆபீஸ் வாசலில் டீ வாங்கி, குடிக்காமல் ஆறவைத்துக் கீழே ஊற்றினார். மல்லாங்கிணறு பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

மல்லாங்கிணற்றில் அய்யாவு வீட்டைக் கண்டுபிடிக்கப் பெரிய விசாரணை தேவைப்படவில்லை. கிணறு வெட்டுகிற அய்யாவு குடும்பமா என்று கேட்டதும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சர் கடையைக் காட்டினார்கள். கடைக்காரன் பாண்டிராஜ், நாற்பத்தைந்து வயது, கையெல்லாம் கிரீஸ். நல்லமுத்து யார், எந்த ஊர் என்று சொன்னதும் அவன் டியூபைத் தண்ணீரில் முக்கியபடியே சிரித்தான்.

"ஓடைக்கரைப்பட்டியா? எங்க அம்மாச்சி ஊருல்ல. உக்காருங்க அண்ணாச்சி. முறைக்கும் நீங்க அண்ணாச்சிதான்."

சுவரில் போட்டோ தொங்கியது. காது வளர்த்த கிழவி. பெத்தம்மாள் காதைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இப்படித்தான் இருப்பாள். அதே மூக்கு, யாரையும் நம்பாத அதே பார்வை. கீழே 'மறைவு 1998' என்று இருந்தது.

"தாத்தா கெணறு வெட்ட வந்த எடத்துல அம்மாச்சியப் பாத்துருக்காரு. அது தெனம் கஞ்சி கொண்டாந்து குடுக்குமாம். ஒருநாள் கொலுச மேட்டுல கழட்டி வச்சிட்டு வந்துருச்சு. நடந்தா சத்தம் கேக்கும்ல" என்றான் பாண்டிராஜ். "ஏழு புள்ள பெத்துச்சு. எங்கம்மா நாலாவது."

"அவுகளுக்குத் தெரியுமா? எங்க ஊருல அவுகளைக் கும்பிடுறது?"

"தெரியுமாவா? வருசா வருசம் பங்குனிப் பொங்கலுக்கு பஸ் ஏறி வரும்ல அண்ணாச்சி. சின்னப்பிள்ளையில நானும் போயிருக்கேன். தலையில முக்காட்டைப் போட்டுக்கிட்டு கடைசியில நிக்கும். தன்னைத்தானே கையெடுத்துக் கும்பிடும். வீட்டுக்கு வந்து சிரியோ சிரின்னு சிரிக்கும். 'இந்த வருசம் எனக்கு ரோசுக் கலர் பாவாடைடி'ன்னு பக்கத்து வீட்டுல போயிச் சொல்லும்."

நல்லமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"சிரிச்சு முடிச்சுட்டு ராத்திரிச் சோறு திங்காது. அன்னைக்கு மட்டும்" என்று பாண்டிராஜ் டியூபைத் துடைத்தான். "அண்ணன் நல்லாருக்காரு, அண்ணன் மகன் நல்லாருக்கான், எல்லாரும் நல்லாருக்காகன்னு சொல்லும். பாக்கத்தான் போகும்னு நெனைக்கேன். வேற எப்படிப் போறது? ஒருவாட்டி கண்ணாடி போட்ட ஆளு ஒருத்தரு பொங்கச் சோத்துக்கு ரெண்டாந்தடவை வந்தேன்னு அம்மாச்சிய வரிசையிலருந்து வெரட்டி விட்டுட்டாராம். அண்ணன் பேரன்தான், ஏதோ கவர்மெண்டு உத்தியோகம், அதட்டலு பூராம் அப்பிடியே எங்க அய்யான்னு அதுக்கு அவ்வளவு பெருமை."

பொங்கல் வரிசையை ஒழுங்குபடுத்துவது அந்த நாட்களில் நல்லமுத்துவின் பொறுப்பு. எத்தனையோ கிழவிகளை விரட்டியிருக்கிறார். அதில் இந்தக் கிழவி எது என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. பாண்டிராஜ் வாங்கிக் கொடுத்த கலர் சோடாவைப் பாதி குடித்துவிட்டு எழுந்தார்.

நேராகப் பெத்தம்மாளிடம் போனார். அவள் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பத்திரத்தை முழுசாக வாசித்துக் காட்டினார். பாண்டிராஜ் சொன்னதையும் சொன்னார், வரிசையில் விரட்டியதைத் தவிர. பெத்தம்மாள் கடலை உரிப்பதை நிறுத்தவில்லை.

"யக்கா, அப்ப உன்மேல முப்பது வருசமா வந்து எறங்குனது யாரு?"

"எனக்கென்ன தெரியும்? வந்தது வந்ததுதான். நான் ஒரு நாளும் பொய்யா ஆடுனதில்ல தம்பி. கொட்டுச் சத்தம் கேட்டா எனக்கு முன்னுக்குப் பின்னு தெரியாது."

"அவ தொண்ணூத்தெட்டு வரைக்கும் உசுரோட இருந்துருக்கா. அதுக்கு முந்தியே நீ ஆட ஆரம்பிச்சுட்ட."

"உசுரோட இருந்தா வரக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?" என்று கேட்டாள் பெத்தம்மாள். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை என்பதால் நல்லமுத்து பத்திரத்தை மடித்து வைத்தார். மறுபடி அவளே கேட்டாள்.

"எத்தனை புள்ளைன்ன?"

"ஏழு."

அவள் உரித்த கடலையை வாயில் போட்டுக்கொள்ள மறந்து கையிலேயே வைத்திருந்தாள்.

வீட்டில் ரேணுகாதேவி எல்லாவற்றையும் கேட்டாள். முக்காட்டைப் போட்டுக்கொண்டு கடைசியில் நிற்கும் என்கிற இடம் வந்ததும் கண்ணைத் துடைத்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று எட்டு வருடமாக யோசித்த விஷயத்தை அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னாள்.

"நம்ம பிள்ளையும் வருதுங்க."

"எங்க?"

"பங்குனிப் பொங்கலுக்கு. வருசா வருசம். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம், கருவேல மரத்துக்கடியில நின்னு பாத்துட்டுப் போகுது. போன ரெண்டு வருசமா கையில பிள்ளைய வச்சிக்கிட்டு. நாந்தான் பொங்கச் சோறு கொண்டுபோயிக் குடுக்கேன். இந்தப் பக்கம் வாடின்னா வர மாட்டேங்குது. சாமி சொன்னா அப்பா கேப்பாக, அப்பா சொன்னா நான் கேக்குறேங்குது."

பேத்தி பிறந்தது நல்லமுத்துவுக்குத் தெரியும். ஊரில் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி பேசியதால் தெரியும். அந்தக் குழந்தை முப்பதடி தூரத்தில் நின்றிருக்கிறது என்பது தெரியாது. அன்று அவர் சாப்பிடவில்லை. ஒரு கிழவி பங்குனிக்குப் பங்குனி சாப்பிடாமல் படுத்ததற்கு அவர் பட்டினி எந்த விதத்திலும் ஈடில்லை என்று அவருக்கே தெரிந்தது.

இந்த இடத்தில் நல்லமுத்து துணிந்து உண்மையை அச்சேற்றினார் என்று எழுதத்தான் ஆசை. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. கல் கோயில் எழும்பிவிட்டது. நாற்பத்திரண்டு தலைக்கட்டும் வரி கட்டிவிட்டது. யாகத்துக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. இந்த நேரத்தில் கன்னி கன்னி இல்லை, ஏழு பிள்ளை பெற்றவள் என்று சொன்னால் முதல் கல் யார் மண்டையில் விழும் என்பதை ஸ்தல விசாரணை இல்லாமலே அவரால் சொல்ல முடிந்தது. மனுவையும் பத்திர நகலையும் பீரோவில் வேட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டினார். ஏழாம் பக்கம் பழையபடியே அச்சானது: 'குலமானம் காக்கக் கிணற்றில் பாய்ந்து ஜோதியில் கலந்தாள்.' ஒன்பதாம் பக்கமும் பழையபடியே: 'ஒரே குமாரர் மாரிசெல்வம்.' வழவழப்பான அட்டையோடு முந்நூறு பிரதிகள். தாத்தா பேச்சிமுத்து உயிரோடு இருந்தால் பேரனை நினைத்துப் பூரித்திருப்பார்.

ஆவணி கும்பாபிஷேகம் காலை ஒன்பதரைக்கு நல்லபடியாக நடந்தது. தண்ணீர் ஊற்றியதும் மேலே கருடன் வட்டமிட்டதாக எல்லோரும் சொன்னார்கள். பார்த்தவர்கள் அது பருந்து என்றார்கள். வாசலில் மேசை போட்டு, நல்லமுத்து உட்கார்ந்து தலைக்கட்டுக்கு இரண்டு பிரதி வீதம் புத்தகம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். எல்லோரும் முதலில் தன் பெயர் இருக்கிற பக்கத்தைத் தேடினார்கள். பிறகு பங்காளியின் போட்டோ தன் போட்டோவைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று அளந்தார்கள். நல்லமுத்து நடுநடுவே கருவேல மரத்துப் பக்கம் பார்த்தார். அங்கே நீலச் சேலையில் ஒரு பெண், கையில் குழந்தை. பக்கத்தில் பைக்கில் சாய்ந்து தீபன் நின்றான்.

பொங்கல் பொங்கியது. உறுமி கொட்டத் தொடங்கினார்கள். பெத்தம்மாள் கூந்தல் அவிழ்ந்தது. வழக்கம்போல் மூன்று சுற்றுச் சுற்றி வந்து கோயில் வாசலில் நின்றாள். பூசாரி ஓலைப்பெட்டியைத் திறந்து புதுப் பட்டுப் பாவாடையை இரண்டு கையாலும் ஏந்திக் காட்டினார். கல் கோயிலுக்கு ஏற்ற ஜரிகைப் பாவாடை.

பெத்தம்மாள் அதைத் தட்டிவிட்டாள்.

பாவாடை பொங்கல் பானை மேல் போய் விழுந்தது. உறுமிக்காரர் கை நின்றுவிட்டது.

"எத்தனை வருசத்துக்குடா எனக்குப் பாவாடையே கட்டுவீக?" என்று கேட்டாள். குரல் கன்னியின் குரல்தான், ஆனால் கத்தவில்லை. "எனக்கு எத்தனை புள்ளைன்னு கேளுங்கடா. ஒரு பயலுக்காவது தெரியுமா? ஏழு. ஏழு பெத்தவளுக்குப் பாவாடை கொண்டாந்துருக்கான்."

புத்தகத்தை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக ஏழாம் பக்கத்தைப் புரட்டினார்கள். பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் தேடினார். பிறகு எல்லோரும் நல்லமுத்துவைப் பார்த்தார்கள். எழுதியவர் அவர்தானே.

"சாமி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் நல்லமுத்து. அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மையான ஸ்தல விசாரணை அறிக்கை அது.

பெத்தம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். அவள் கண் சாமி வந்த கண்ணாக இருந்ததா, அக்காள் கண்ணாக இருந்ததா என்று அவரால் கடைசிவரை சொல்ல முடியவில்லை.

"எனக்கு என் பெறந்த வீட்டுச் சேலை வேணும். அண்ணன் ஒருவாட்டி குடுத்தான், கைநாட்டு வாங்கிக்கிட்டுக் குடுத்தான். கைநாட்டு கேக்காம ஒரு சேலை குடுங்கடா" என்றாள். பிறகு கையை நீட்டி எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் காட்டினாள். "ரெண்டாக் கொண்டா. ஒண்ணு எனக்கு. ஒண்ணு அந்தா நிக்கிறாளே, அவளுக்கு."

அவ்வளவு கூட்டமும் திரும்பிக் கருவேல மரத்தைப் பார்த்தது. தேவிபிரியா குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள்.

சாமி கேட்டால் உடனே கொடுத்தாக வேண்டும், அது வழக்கம். பட்டுப் பாவாடை இருக்கிறது, வேட்டி இருக்கிறது, முந்நூறு புத்தகம் இருக்கிறது. புதுச் சேலை மட்டும் நாற்பத்திரண்டு தலைக்கட்டிலும் ஒருவரிடமும் இல்லை. அருப்புக்கோட்டைக்கு ஆள் அனுப்பவேண்டும் என்று யாரோ சொன்னார்கள். யாரை அனுப்புவது என்று வேறு யாரோ பேச்சை ஆரம்பித்தார்கள். விட்டால் அதற்கும் ஒரு கூட்டம் போட்டிருப்பார்கள்.

நல்லமுத்து மேசையிலிருந்து எழுந்தார். அவர் நடக்க நடக்கக் கூட்டம் வழி விட்டது. எல்லைக்கல் வரைக்கும் வந்து நின்றார். முழங்கால் உயரக் கல். மஞ்சள் பூசி, புதிதாகப் பொட்டு வைத்திருந்தார்கள். இத்தனை காலமும் அவர் அதை எத்தனையோ தடவை தாண்டிப் போய் ஓரமாக ஒதுங்கிவிட்டு வந்திருக்கிறார். இன்றைக்குக் கால் வரவில்லை. பின்னால் ரேணுகாதேவி அழுகிற சத்தம் கேட்டது. தாண்டினார்.

மகள் எதிரில் வந்து நின்றதும், எட்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு ஒன்றுகூட வாயில் வரவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் அது.

"உங்க கடையில ரெண்டு சேலை இருக்குமா?"

தீபன் பைக் சாவியை எடுத்துவிட்டான். தேவிபிரியாதான் கேட்டாள்.

"என்ன கலர்ப்பா?"

"அம்மனுக்கு மஞ்சள்ல எடுக்கச் சொல்லு."

"இன்னொன்னு?"

நல்லமுத்து மகளைப் பார்த்தார். சின்னவளாக இருந்தபோது எந்தக் கலர் கேட்டு அடம்பிடிப்பாள் என்று நினைத்து நினைத்துப் பார்த்தார். தாலுகாவில் எத்தனையோ குடும்பங்களுக்கு யார் இருக்கிறார், யார் இல்லை என்று எழுதிக் கொடுத்தவருக்கு அது தெரியவில்லை.

"எனக்குத் தெரியலத்தா" என்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "நீயே சொல்லு. நான் எழுதிக்கிடுறேன்."